அய்யன் கேட்காத மறுசோறு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராசிபுரத்தில் நெய் வியாபாரம் செய்யும் வீட்டுக்கு மருமகளாகப் போனபிறகு அது இன்னும் நீண்டுவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சந்தையன்று வெண்ணெய் கொண்டுவருகிறவர்களோடு மல்லுக்கட்டி வளர்ந்த வாய். அந்த வாயை வைத்துக்கொண்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம், சேலத்து ஆசுபத்திரி ஒன்றின் ஆண்கள் வார்டு வராந்தாவில் நின்று என் அண்ணன் பெண்டாட்டியை நான் பேசாத பேச்சில்லை. அவள் அத்தனையும் கேட்டுக்கொண்டு தூணைப் பார்த்தபடி நின்றாள்.

உள்ளே கட்டிலில் கிடந்தது எங்கள் அய்யன். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் காவிரி வாய்க்கால் பாய்கிற ஊர் எங்களுடையது. வெற்றிலைக் கொடிக்காலும் வாழைத் தோட்டமும் அவர் கைபட்டு வளர்ந்தவை. ஆள் நல்ல உயரம். இடுப்பில் அகலமான பச்சை பெல்ட்டு, தோளில் துண்டு, செருப்பில்லாத கால். பேச்சு மட்டும் நெம்பக் குறைவு. அம்மா இருந்தவரை அவருக்குப் பேசவேண்டிய அவசியமே வரவில்லை, அவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். என் வாய் யாரிடமிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

அய்யனுக்கு மேலுக்குச் சொகமில்லை, சேலம் கொண்டுபோகிறோம் என்று நாமக்கல் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார் அண்ணன். அந்தக் காலத்தில் எங்கள் சேதியெல்லாம் பஸ்ஸில்தான் வரும். கண்டக்டர் கடை வாசலில் இறங்கிச் சொல்லிவிட்டு விசில் கொடுத்துப் போய்விட்டார். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். கையில் ஒரு தூக்குப்போசி நெய். எதற்கு நெய் என்று எனக்கே தெரியாது. வெறுங்கையோடு போகக்கூடாது என்று எடுத்தது.

வார்டுக்குள் போய் அய்யனைத் தேடிக்கொண்டே கட்டில் கட்டிலாக நடந்தேன். அவர் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டேன். பின்னாலிருந்து அண்ணன் கூப்பிட்டார். "அம்மிணி, இந்தால வா. அய்யன் இங்க இருக்கறாரு." திரும்பிப் பார்த்தேன். பெற்ற தகப்பனை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போன மகள் நான்தான். கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு துருத்தி, மூச்சு விடும்போது விலா எலும்பெல்லாம் தனித்தனியாக ஏறி இறங்கியது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பார்த்த ஆள் இல்லை. பொங்கலன்று அவர் வேட்டி சட்டை போட்டு ஒறம்பரையோடு, வந்த சொந்தங்களோடு, உட்கார்ந்திருந்தார், சட்டைக்குள் என்ன இருந்தது என்று யார் பார்த்தது!

நிமோனியா என்றார்கள். இடது பக்க நுரையீரல் பூரா சளி கட்டியிருக்கிறது என்று எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். எனக்கு அதில் வெள்ளையும் கறுப்பும்தான் தெரிந்தது. பென்சிலின் ஊசியோடு சிஸ்டர் வந்தார். அய்யனை ஒருக்களித்துப் படுக்கவைத்து இடுப்புச் சதையைக் கிள்ளிப் பார்த்தார். தோல் மட்டும் கையோடு வந்தது. இடம் மாற்றி மறுபடியும் கிள்ளினார்.

"ஊசி போடச் சதையே இல்லையேம்மா. எங்க குத்தறது?" என்றார் என்னிடம்.

"எங்கியோ ஒரு பக்கம் குத்துங்க சாமி" என்றார் அய்யன் கண்ணை மூடிக்கொண்டே. சின்னவர்களைப் பிரியமாகக் கூப்பிட எங்கள் பக்கம் சாமி என்றுதான் வரும்.

அவர் இடுப்பிலிருந்து கழற்றிய பச்சை பெல்ட்டை என்னிடம் கொடுத்தார்கள். அதைச் சுருட்டி வைக்கப் போனபோதுதான் பார்த்தேன். கடையில் போட்டுக்கொடுத்த ஓட்டைகள் ஒழுங்காக வரிசையில் இருந்தன. அவற்றுக்கு அப்பால், உள்ளே தள்ளி, ஆணியால் குத்திய கோணல்மாணலான ஓட்டைகள். முதல் ஓட்டையின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருந்தது. கடைசி ஓட்டை புதிது. காய்ச்சல் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆணி ஓட்டை ஒரு வாரத்தில் அப்படித் தேயாது. மனிதர் மாதக்கணக்காக வற்றிக்கொண்டே வந்திருக்கிறார், வேட்டி நழுவாமல் இருக்கத் தானே ஓட்டை போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்று மத்தியானம் அண்ணன் பெண்டாட்டி சோற்றுக் கூடையோடு வந்தாள். அவளை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். முறைக்குத்தான் எனக்கு மூத்தவள், வயதில் என்னைவிடச் சின்னவள். சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவளுக்கு ஒரு சித்தி வீடு இருந்தது. அங்கே தங்கிச் சமைத்து டவுன் பஸ்ஸில் எடுத்து வந்தாள். வந்தவள் தலை நிமிரவில்லை. வட்டலை, அதாவது சாப்பாட்டுத் தட்டை, கழுவி வைத்தாள். பொன்னி அரிசிச் சோறு பொலபொலவென்று போட்டாள். பக்கத்தில் மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறி. வைத்துவிட்டு, மாமனார் முகத்தைப் பார்க்காமலே, விறுவிறுவென்று வார்டுக்கு வெளியே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

இது எங்கள் பக்கத்து மரியாதை. மாமனாருக்கு எதிரே மருமகள் நிற்கமாட்டாள், நேருக்கு நேர் பேசமாட்டாள். சோறு போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவர் உண்டு கைகழுவிப் போனபிறகு வந்து வட்டலை எடுக்க வேண்டும். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். அவளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் குழந்தையிடம் சொல்வதுபோலச் சொல்வாள். நல்ல குடும்பத்துப் பெண் என்றால் அப்படித்தான் என்று எல்லோரும் மெச்சுவார்கள். என் நங்கையா நெம்ப நல்ல குடும்பத்துப் பெண்.

அய்யன் இரண்டு வாய் எடுத்தார். கறியை வாயில் போட்டு ஒதுக்கினார். ஒதுக்கியே வைத்திருந்தார். பிறகு வட்டலைத் தள்ளிவிட்டார். நான் பிசைந்து ஊட்டப் போனேன். "போதும் அம்மிணி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாய் இருந்தார். சேலம் கடைவீதியில் மளிகை மொத்த வியாபாரம். அய்யனைவிட மூத்தவர். அவருக்கும் நிமோனியாதான். இரண்டு பேரும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தவர்கள். ஒரே டாக்டர், ஒரே ஊசி. அவருக்குத் துணையாக இருந்தது அவர் பெண்டாட்டி. பெரிய உடம்பு, பெரிய குரல், பெரிய டிபன் கேரியர். அவரை நான் அக்கா என்றேன். "சாப்புடுங்க, ம், இன்னும் ஒரு கரண்டி, ஏன் மூஞ்சியச் சுளிக்கறீங்க, நானு பெத்ததுங்ககூட இவ்வளவு படுத்தலே" என்று புருஷனை அதட்டி அதட்டிச் சாப்பிட வைத்துக்கொண்டிருப்பார். பாய் முனகிக்கொண்டே எல்லாவற்றையும் உள்ளே தள்ளுவார். சீக்கிரமே எழுந்து உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்து வார்டுக்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்.

என் அய்யனுக்கும் காய்ச்சல் இறங்கியது. அப்பாடா என்று இருந்தேன். ஆனால் மனிதர் எழுந்திருக்கவில்லை. இருமல் வரும், இரும முடியாது. தொண்டைக்குள் சளி கரகரவென்று கத்தும், அதை வெளியே தள்ள அவரால் ஆகாது. கண் செருகிக்கொண்டு கிடப்பார். பிறகு ஒரு நாள் காலையில் நெற்றியைத் தொட்டால் மறுபடியும் கொதிக்கிறது.

எனக்கு வந்ததே கோபம்! டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது வழியை மறித்துக்கொண்டேன். "ஏனுங்க டாக்டர், கடைக்காரங்களுக்கு ஒரு ஊசி, காட்டுக்காரங்களுக்கு ஒரு ஊசியா? அவரு நடக்கறாரு, எங்கய்யன் எந்திரிக்கவே இல்லியே!" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பாய் சங்கடப்பட்டுப் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கோபப்படவில்லை. முதலில் பாயின் சட்டைக் கையைத் தூக்கி, தோளுக்குக் கீழே மேல்கையைப் பிடித்துக் காட்டினார். அவர் கை அதைச் சுற்றிவரப் பாதிதான் வந்தது. பிறகு அய்யனின் மேல்கையைப் பிடித்தார். பெருவிரலும் நடுவிரலும் தொட்டுக்கொண்டு, அதற்குமேல் இடமும் மீந்தது.

"இவ்வளவுதாம்மா வித்தியாசம். ஊசி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஊசி கிருமியைக் கொல்லும். மிச்சத்தை உடம்புதான் பார்த்துக்கணும். சளியை இருமித் துப்பறதுக்கும் சதை வேணும், தெம்பு வேணும். அது உங்க அப்பாகிட்ட இல்ல. வர்றப்பவே இல்ல. சீக்கு வர்றதுக்கு முன்னாடியே ரொம்ப நாளா அரைப் பட்டினி கிடந்திருக்கார்."

"பட்டினியா? எங்க ஊட்லயா?" என்று கத்தினேன். "வாரத்துக்கு ரெண்டு தடவை கறி எடுக்கற ஊடுங்க அது!"

"கறி எடுக்கறீங்க. அவர் சாப்பிட்டாரா?" என்றார் டாக்டர். "இன்னிலேருந்து அவர் வயித்துக்குள்ள ஏதாவது போகலன்னா, இந்தத் தடவை காய்ச்சலை நான் இறக்க முடியும்னு சொல்லமாட்டேன்."

சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அய்யன் போய்விடுவார் என்பதைத்தான் அவர் நாசூக்காகச் சொன்னார் என்று புரிந்தது. நேராக வராந்தாவுக்குப் போனேன். நங்கையா வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முதலில் சொன்னேனே, பேசாத பேச்சில்லை என்று, அது அப்போதுதான்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள். "வட்டல்ல ஒரு பருக்கை மிச்சம் இருக்காதுங்க அம்மிணி. நானு எடுக்கப் போறப்ப கழுவி வெச்சாப்ல இருக்கும். மாமா நல்லா உண்டுட்டாங்கன்னு நெனச்சு சந்தோசமா எடுத்துட்டு வருவேன். பொய் சொல்றனான்னு மாமாவையே கேளுங்க." கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே, அந்த ஆளும் கைவிட்டுப் போனால் என்ன செய்வது.

நான் திரும்பி உள்ளே போனபோது பாயின் பெண்டாட்டி டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். அவர்கள் நோன்பு மாதத்தில் காய்ச்சுகிற கஞ்சி. நோன்பு இல்லாத நாளிலும் சீக்காளிக்கு அதுதான் மருந்து என்று சொல்லித் தினமும் கொண்டுவருவார். அரிசி நொய், பாசிப்பருப்பு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து குழைந்து கிடக்கும். வாசனை வார்டு முழுக்கப் பரவும். அய்யனின் மூக்கு அந்தப் பக்கம் திரும்புவதை நான் பார்த்தேன். அந்த அக்காவும் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, அண்ணனுக்கு ஒரு வாய் குடுக்கட்டுமா? எங்க வீட்டுத் தண்ணி குடிப்பாருல்ல?"

நான் ஒரு நொடி தயங்கினேன். எங்கள் ஊரில் அய்யன் வெளிவீட்டில் கை நனைக்கமாட்டார். யார் வீடாக இருந்தாலும் சரி. அவரைப் பார்த்தேன். அவர் கண் டிபன் கேரியரை விட்டு நகரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த அக்கா பதிலுக்குக் காத்திருக்கிற ஆளா? ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து கட்டில் ஓரத்தில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார். நான் அய்யனைத் தூக்கி என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"ஆ காட்டுங்கண்ணே. மெல்லவே வேணாம். அப்படியே முழுங்குங்க. ம், அவ்வளவுதான். நல்லா இருக்கா? உப்பு போதுமா?"

அய்யன் தலையாட்டினார். கிண்ணம் காலியாயிற்று. "இன்னொரு கரண்டி?" என்றார் அக்கா.

நான் சொல்வதை நம்புங்கள், என் வாழ்நாளில் அன்றுதான் முதல்தடவை கேட்டேன். என் அய்யன், ஒரு பெண்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "ஊத்துங்க. பசிக்குதுங்க" என்றார்.

பசிக்குதுங்க! எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் தலையை என் தோளில் தாங்கிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் அழுதேன். அக்காவும் மூக்கை உறிஞ்சினார், ஆனால் கரண்டியை நிறுத்தவில்லை.

அப்புறம் வேளைக்கு வேளை அக்காவின் கஞ்சிதான். டாக்டர் கொஞ்சங் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள் என்றார். பால், முட்டை, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம் என்றார். சளிக்கு வாழைப்பழமா என்று வார்டில் இருந்த நாலு பேர் என்னோடு சண்டைக்கு வந்தார்கள், நான் விடவில்லை. கொண்டுபோன நெய்யைக் கஞ்சியில் விட்டுக் கலக்கினேன். எதற்கு எடுத்துவந்தோம் என்று தெரியாத நெய் கடைசியில் அதற்கு ஆயிற்று. காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒரு நாள் அய்யன் இருமினார். தொண்டைக்குள் கரகரத்துக்கொண்டிருந்த சளி பொத்தென்று வெளியே வந்து விழுந்தது. சளியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கொஞ்சம் பேச்சு வந்ததும் கேட்டேன். "ஏனுங்கையா, ஊட்ல சோத்தை நீங்க உண்ணாம யாருக்குப் போட்டீங்க?"

"பல்லு ஒண்ணும் சரியில்ல அம்மிணி. உங்கம்மா போனதுக்கப்பறம் ஒண்ணொண்ணா ஆடிப் போச்சு. அந்தச் சோறும் கறியும் எனக்கு மெல்ல வரமாட்டேங்குது. மிச்சம் வெச்சா அந்தப் புள்ளைக்கு மனசு நோகும். நாய்க்குப் போட்டுருவேன்."

எங்கள் வீட்டு நாய் என் கண்முன் வந்தது. பொங்கலுக்குப் போனபோது பார்த்து, "அடேயப்பா, என்னமா கொழுத்துருச்சு!" என்று எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"என்ன வேணுமின்னு கேக்கறதுக்கு என்னங்கையா? களி கிண்டச் சொன்னா கிண்ட மாட்டாங்களா?"

"மருமகப் பொண்ணுகிட்ட இதப் போடு, அதப் போடுன்னு கேக்கறதா? நல்லா இருக்குது உன்ற நாயம்" என்றார். அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

அம்மா இருந்தபோது இந்தத் தொல்லை இல்லை. அவள் கேட்கவேமாட்டாள். களி உருண்டை முதலில் ஒன்று வைப்பாள். அது முடிகிற நேரத்தில் அடுத்ததைக் கொண்டு வருவாள். அய்யன் போதும் என்று வட்டலைக் கையால் மறைப்பார். அதுவும் எங்கள் பக்கத்து மரியாதைதான், மறுசோறு வருகிறபோது ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கக்கூடாது. அம்மா அதையெல்லாம் சட்டை செய்யமாட்டாள். மறைத்த கையின் மேலேயே உருண்டையை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் அதை உதறவா முடியும்? உண்பார். அத்தனை வருஷமும் அவர் உடம்பு நின்றது அந்த இரண்டாவது உருண்டையால்தான்.

நங்கையாவிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். இந்தத் தடவை கத்தவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். நாய் விஷயம் வந்தபோது சேலைத் தலைப்பை முகத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனும் அங்கேதான் இருந்தார். "நானு என்ன கொறை வெச்சேன் அவருக்கு? ஒசத்தியான அரிசியாத் தேடித் தேடி வாங்கிப் போட்டனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், அவர் சொன்னதும் நிஜம்தான். கம்பும் ராகியும் தின்ற வீட்டில் தினமும் நெல்லுச்சோறு பொங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டோம் என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. தகப்பனுக்கு நெல்லுச்சோறு போடுவதுதான் மகனுக்கு அழகு என்று நினைத்தார். குறை வைத்தவர்கள் என்று அந்த வீட்டில் யாரையும் சொல்ல முடியாது. எல்லோரும் முறையாகத்தான் இருந்தார்கள். அத்தனை முறையில் ஒரு மனிதர் வற்றிப்போனார்.

"நாளைக்குக் களி கிண்டிட்டு வாங்க நங்கையா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஆசுபத்திரியில நாலு பேரு பாக்கறாப்ல களியுங்களா? மாமனாருக்குக் களி போடறான்னு சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லட்டுமுங்க. சொல்றவங்களை என்கிட்ட அனுப்புங்க."

இதற்குள் பாய்க்கு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். போகிறபோது அந்த அக்கா அய்யனின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணே, கேட்டு வாங்கிச் சாப்புடுங்க. வெக்கப்பட்டீங்கன்னா மறுபடியும் இங்கதான் வருவீங்க, நானு அப்ப இங்க இருக்க மாட்டேன்" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுப் போனார். அய்யன் கும்பிட்டார். பாய் தன் காலால் நடந்து வாசலைத் தாண்டுவதை அய்யன் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான் பார்த்தேன். பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

டாக்டர் எங்களையும் சீக்கிரம் அனுப்பிவிடலாம் என்றார். "ஆனா ஒண்ணு. வீட்டுக்குப் போய் பழையபடியே இருந்தார்னா, அடுத்த சளிக்கு இவர் தாங்கமாட்டார். என்கிட்ட கொண்டுவந்தும் பிரயோஜனம் இல்ல" என்றார். எனக்கும் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. தை பிறந்தால் கல்யாணங்கள், கடையில் கை ஓயாது, என் பிள்ளைகள் வேறு என் வீட்டுக்காரர் சமையலைத் தின்று அழுதுகொண்டிருந்தார்கள். நான் போய்விட்டால் இந்த மனிதருக்கு மறுசோறு போடப் போவது யார்? வட்டலை வைத்துவிட்டு ஓடுகிற இவளா? கேட்கவே கேட்காத இவரா? மறுநாள் காலை முழுக்க எனக்கு அந்த நினைப்பாகவே இருந்தது. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் அய்யனின் உயிர் இப்போது இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானம் நங்கையா வந்தாள். கூடையைத் திறந்தாள். ராகிக் களியின் வாசம் குப்பென்று வந்தது. ஆட்டெலும்பைக் கொதிக்க வைத்து இறக்கிய சாறு தூக்குப்போசியில் இருந்தது. அய்யனைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். நங்கையா வட்டலை எடுத்து அவர் மடிக்கு முன்னால் வைத்தாள். களி உருண்டை ஒன்று வைத்து, குழி பண்ணி, சாற்றை ஊற்றினாள். சாறு கொஞ்சம் விரிப்பில் சிந்தியது. வழக்கம்போலத் திரும்பி நடக்கப் போனாள்.

நான் அவளுக்கு முந்திக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனேன். அவள் நிற்கிற அதே இடத்தில், அதே கதவுக்குப் பின்னால், நான் போய் நின்றுகொண்டேன். வந்தவளுக்கு நிற்க இடமில்லை. "ஏனுங்க அம்மிணி..." என்று முனகினாள்.

"இங்க எடமில்லீங்க. உள்ள போங்க" என்றேன். குரல் கடுமையாகத்தான் வந்தது.

திரும்பிப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த அக்கா உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை, நின்றாள். முகம் ஜன்னலைப் பார்த்திருந்தது. அய்யனும் அவளைப் பார்க்கவில்லை. வட்டலைப் பார்த்துக்கொண்டே களியைக் கிள்ளிச் சாற்றில் தோய்த்து விழுங்கினார். மறுபடி கிள்ளினார். கிள்ளக் கிள்ள வேகம் கூடியது. உருண்டை கரைந்துகொண்டே வந்தது. நங்கையா ஓரக்கண்ணால் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கடைசிக் கிள்ளு வாய்க்குள் போனதும், அவள் கூடைக்குள் கையைவிட்டு அடுத்த உருண்டையை எடுத்தாள்.

அய்யன் சட்டென்று கையை வட்டலின் மேல் விரித்து மறைத்தார். சுவரைப் பார்த்து, "போதும்" என்றார்.

நங்கையா அப்படியே நின்றாள். இத்தனை வருஷமாக அவள் அவர் சொல்லுக்கு எப்படிக் கட்டுப்பட்டிருந்தாளோ அப்படியே நின்றாள். போய்விடாதே, போய்விடாதே என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். என் நீளமான வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவள் குனிந்தாள். விரித்து வைத்திருந்த அந்தக் கையின் மேலேயே களி உருண்டையை வைத்தாள்.

நான் அவளிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அம்மா செய்வாள் என்று கதைதான் சொன்னேன். ஆனால் சொல்லத் தேவையே இருந்திருக்காது. புது மருமகளாக வந்த நாள்முதல் அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அம்மா செய்ததைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.

அய்யன் கையை உதறவில்லை. கையின் மேல் இருந்த களியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு கோணிக்கொண்டது. பிறகு தலையைத் தூக்கி, சுவரை இல்லை, மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"உங்கத்தையும் இப்படித்தான் சாமி, கையி மேலயே வெச்சுட்டுப் போவா" என்றார்.

நங்கையாவின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "பத்துமுங்களா மாமா, இன்னொண்ணு வெக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அய்யன் களியை வட்டலுக்கு மாற்றினார். மூடியிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வெய்யி சாமி" என்றார்.